தேன்மெழுகுதிரி வளைந்தால் அதன்மேல் பழிபோடாதீர்கள்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் தகரக் கூரைக்குக் கீழே எதையும் நம்பி வைக்க முடியாது. ஒரு டசின் தேன்மெழுகுதிரிகளை அலுமாரியின் மேல்தட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பன்னிரண்டும் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கின்றன. விற்றவரைத்தான் முதலில் திட்டினேன். பிழை என்னுடையது. தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் 35 பாகையை எட்டினாலே கையால் பிசையலாம் என்ற அளவுக்கு இளகிவிடும். கடதாசியில் சுற்றி, பெட்டியில் படுக்கவைத்து, அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். வளைந்து போனதையும் எறியவேண்டாம். கை பொறுக்கும் சுடுநீரில் நூல்முனை நனையாமல் சிறிது நேரம் பிடித்துவிட்டு, மட்டமான பலகையில் உருட்டினால் நிமிரும்.

மாரி தொடங்கியதும் வேறு கூத்து. மெழுகுதிரியின் மேல் திருநீறு பூசினாற்போல ஒரு வெண்படலம் படியும். அம்மம்மா அதைப் பூஞ்சணம் என்று நினைத்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி எடுத்தார். நவம்பர் 2, ஆன்மாக்கள் திருநாளன்று சேமக்காலையில் ஏற்றினோம். ஈரம் ஏறிய நூல் சடசடவென்று வெடித்து, இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்புக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் படலம் பூஞ்சணமே அல்ல, மெழுகுதான். உள்ளிருக்கும் இளகிய கூறுகள் நாட்பட மேலே வந்து படிகின்றன. பழைய பருத்தித் துணியால் துடைத்தால் பளபளப்புத் திரும்பிவிடும்.

வாங்கும்போது மஞ்சள் நிறத்தை நம்புவதைப் போன்ற ஏமாளித்தனம் வேறில்லை. பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகான பரஃபினுக்குச் சாயமும் தேன் வாசனையும் சேர்ப்பது யாருக்கும் பெரிய வேலை இல்லை. மறுபுறம், வெளுத்தெடுத்த அசல் தேன்மெழுகு வெள்ளையாகவே இருக்கும். அடிப்பக்கத்தில் நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டி விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். கைச்சூட்டில் ஒட்டிச் சேர்ந்தால் தேன்மெழுகு, பொடிந்து உதிர்ந்தால் பெரும்பாலும் பரஃபின். இரண்டையும் கலந்திருந்தால் இந்தச் சோதனையும் ஏமாறும். அப்போது விலைதான் சாட்சி. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனைத் தின்கின்றன, அது எப்படிச் சாதா மெழுகுதிரி விலைக்குக் கிடைக்கும்? உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் தேவாலயத்தில் பாஸ்கா மெழுகுதிரியின் முன் பாடப்படும் பாஸ்கா புகழுரையில் தேனீக்களுக்கும் ஓர் இடம் இருப்பது சும்மா இல்லை.

'காற்றைச் சுத்திகரிக்கும்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. எந்த மெழுகுதிரியும் எரிந்தால் கொஞ்சம் கரி விடத்தான் செய்யும். காற்றுச் சுத்தம் வேண்டுமென்றால் யன்னலைத் திறவுங்கள்.

ஆனால் எரியும்போது அந்த யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். இங்கே டச்பே கடலோரத்து வீடுகளில் இதைச் சொல்லத் தேவையே இல்லை: சுடர் ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கம் மட்டும் உருகி வழியும், சுவரில் கரி ஏறும். தேன்மெழுகு வழியாது என்பது காற்றில்லாத இடத்துப் பேச்சு.

பருத்த மெழுகுதிரியைக் கரண்ட் போன பத்து நிமிடத்துக்கு ஏற்றிவிட்டு ஊதி அணைப்பதும் கெடுதல்தான். நடுவில் கிணறு விழும். முதல்முறை ஏற்றும்போது விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் எரியவிடுங்கள். இரண்டங்குலப் பருமனென்றால் இரண்டு மணித்தியாலம். அவசரத்துக்கு ஒல்லியானதை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் நூலை 6 மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டுங்கள், இல்லையென்றால் புகையும்.

எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளைச் சேர்த்து உருக்குபவர்கள் சட்டியை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. சுடுநீர்ப் பானைக்குள் இன்னொரு தகரத்தை இறக்கி அதில் உருக்குங்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் மெழுகு தீயோடு மேலே பாயும். உருகிய மிச்சத்தைக் குசினிக் குழாயில் ஊற்றினால் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

உருக்க நேரமில்லாதவர்கள் ஒரு துண்டையாவது எடுத்து வையுங்கள். ஊசி நூலை அதில் ஓர் இழுப்பு இழுத்தால் சிக்குப்படாது. அம்மம்மாவின் தையல் பெட்டியில் அப்படியொன்று கிடக்கிறது, நூல் அறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து.