பாம்பன் பாலம் வாயை மூட மறுத்தது

எங்கள் ஊர்ப் பொருட்காட்சியின் மாதிரிப் போட்டிக்கு, 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தாலும் முழுப் பாலம் இருபது மீட்டருக்கு நீளும். ஆகவே கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகளாக மேலெழுந்து திறக்கும் பகுதியை மட்டும், கனமான அட்டையில் செய்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பார்த்தால், இரு இறக்கைகளும் நடுவில் சேரவில்லை. அட்டை மேல்நோக்கி வளைந்திருந்தது. முதலில் பசையைத்தான் திட்டினேன். தப்பு என்னுடையது: வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருந்தேன். கடற்காற்றின் ஈரத்தைப் பெயின்ட் படாத பக்கம் குடித்து உப்பிவிட்டது.

உட்பக்கமும் அதே பெயின்டை மெல்லிதாக அடித்து, காய்ந்தபின் தட்டையான பலகைக்கும் அம்மிக் கல்லுக்கும் நடுவே ஓர் இரவு வைத்தேன். (அம்மாவிடம் வாங்கிய வசவு தனிக்கதை.) அடிவிளிம்பில் மூங்கில் குச்சி ஒட்டியதும் வளைவு அடங்கியது.

அடுத்த தொல்லை, தூக்கினால் நிற்காமல் இறக்கை தொப்பென்று விழுந்தது. அசல் பாலத்தில் இறக்கையின் வளைந்த அடிப்பகுதி பின்னோக்கி உருளும். பின்னால் எதிர்எடை இருக்கும். நான் வளைவைச் செய்துவிட்டு எடையை மறந்திருந்தேன். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஏழாவது குண்டில் இறக்கை பாதி வழியில் அசையாமல் நின்றது.

மூன்றாம் பரிசு. நடுவர் பாலத்தை நான்கு முறை திறந்து மூடினார். மதிப்பெண் தாளை அதற்குப் பிறகுதான் தேடினார்.