குளிர் குறைந்த மண்ணில் குளிர்நாட்டுக் கனிகள்

ஆப்பிள், பேரி, பிளம், பீச் ஆகியவை ஆண்டுக்கொரு முறை இலையுதிர்த்து உறங்கும் மரங்கள். அந்த உறக்கம் முறையாகக் கலைய வேண்டுமானால், ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே மரம் சில நூறு மணி நேரமாவது கழித்திருக்க வேண்டும். காஷ்மீரில் விளையும் டெலிசியஸ் ஆப்பிளுக்கு இந்தக் குளிர்நேரம் 800 முதல் 1,000 மணி வரை தேவைப்படுகிறது. கொடைக்கானலும் உதகையும் 2,000 மீட்டருக்கு மேல் இருந்தாலும் அவ்வளவு குளிரைத் தருவதில்லை. குளிர் போதாத மரம் பட்டுப்போகாது. ஆனால் கிளை நுனியில் மட்டும் துளிர்த்து, வாரக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து, காய் பிடிக்காமல் நிற்கும். ஆகவே கன்று வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த வகைக்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும் என்பதே.

ஆப்பிளில் இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவுகளில் தோன்றிய டார்செட் கோல்டன், இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என். 99 ஆகியவை குறைந்த குளிரிலேயே பூப்பவை. அன்னாவுக்குத் தன் மகரந்தம் போதாது. அதே சமயத்தில் பூக்கும் டார்செட் கோல்டனைப் பக்கத்தில் நடுவது அவசியம். ஆயினும் மலைப்பகுதியில் முதன்முறையாகத் தோட்டம் போடுபவர் ஆப்பிள் ஆசையைச் சற்றுத் தள்ளிவைத்து, நாட்டுப் பேரி, கீஃபர் பேரி, ரூபியோ பிளம் ஆகியவற்றில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பேரி மரம் கவனிப்புக் குறைவையும் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும்.

நடவுக்கு 60 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, மரத்துக்கு மரம் 4 முதல் 5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேர்ச்செடியின் மேல் விரும்பிய வகையை இணைத்த ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்; அது புதைந்தால் ஒட்டுக்கு மேலுள்ள தண்டே வேர்விட்டு, தேர்ந்தெடுத்த வேர்ச்செடியின் பயன் கெட்டுவிடும். நீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது, பீச்சுக்கு அது கொல்லி.

விளைச்சலைத் தீர்மானிப்பது கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. இலை உதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதைச் செய்ய வேண்டும்; எந்த மரம் எந்தக் கிளையில் காய்க்கும் என்று தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாது. ஆப்பிள், பேரி, பிளம் மரங்கள் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் குட்டையான காய்க்குச்சிகளில் காய்ப்பதால் அவற்றை வெட்டாமல், குறுக்கும் நெருக்குமான கிளைகளையும் செங்குத்தாக எழும் போத்துகளையும் மட்டும் நீக்க வேண்டும். பீச்சோ சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில் மட்டுமே காய்க்கும் என்பதால், ஆண்டுதோறும் கடுமையாக வெட்டிப் புதுக்கிளை வரவைக்க வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட்டால் காய்ப்பு கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். பெரிய வெட்டுக்காயங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவ வேண்டும்.

குளிரே இல்லாத இடத்தில் உறக்கத்தைக் கையாலும் ஏமாற்றலாம். இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் பத்து (Batu) என்ற ஊரின் மலைப்பகுதி விவசாயிகள், அறுவடை முடிந்து ஒரு மாத அளவில் இலைகளையெல்லாம் கையால் உருவி, கிளைகளை வளைத்துக் கட்டி, மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன்பே மறுபடி பூக்கவைத்து, ஆண்டுக்கு இருமுறை ஆப்பிள் பறிக்கிறார்கள். ஆள்கூலி மிகுதியாகும் முறை இது.

ஒயின் திராட்சையின் கதையும் இதற்கு நெருக்கமானதே. ஐரோப்பாவில் பனிக்காலம் உறங்கவைக்கும் கொடியை நாசிக்கில் கவாத்துக் கத்தி நெறிப்படுத்துகிறது. ஏப்ரலில் ஓரிரு கணு மட்டும் விட்டு வெட்டும் அடித்தளக் கவாத்தில் புதிய கிளைகள் எழுகின்றன; கோடை வெயில் படும்போது அவற்றின் மொட்டுகளுக்குள் பூங்கரு உருவாகிறது. செப்டம்பர், அக்டோபரில் செய்யும் இரண்டாம் கவாத்துதான் காய்ப்புக்கானது. முதல் கவாத்துக்குப் பின் வரும் குலைகளை வைத்திருக்கக் கூடாது, ஏனெனில் அவை பருவமழையில் பழுத்து, அடிச்சாம்பல் நோயிலும் அழுகலிலும் வீணாவதோடு கொடியின் வலுவையும் தின்றுவிடும்.

காய்ப்புக் கவாத்துக்குப் பின் மொட்டுகள் ஒரே சமயத்தில் விரிவதற்கு ஹைட்ரஜன் சயனமைடு என்ற வேதிப்பொருளைப் பூசுகிறார்கள். இது கடும் நச்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பூசுவதற்கு முன்னும் பின்னும் சில நாள் மது தொடவே கூடாது, சிறிதளவு உடலில் சேர்ந்தாலும் மதுவோடு கூடி ஆளைச் சாய்த்துவிடும். ஒயினுக்காக உழைப்பவருக்கு இப்படியொரு விரதம்!

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைபோல் பந்தலில் படரவிடாமல், ஷிராஸ், செனின் பிளாங்க் போன்ற ஒயின் வகைகளைச் செங்குத்துக் கம்பிவேலியில் ஏற்றுவது வழக்கம். காற்றும் வெயிலும் குலைக்குத் தடையின்றிக் கிடைக்கும். நோய்த்தடுப்புக்கு 1 சதவீத போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா 1 கிலோ, இன்றும் நம்பத்தக்கது. பழச்சாற்றின் இனிப்பு 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றில் கரைந்த சர்க்கரையின் சதவீத அளவு) எட்டி, விதை பழுப்பேறி, புளிப்பு முற்றிலும் தணியுமுன் பறிக்க வேண்டும். விடியற்காலையில் அறுத்து, குலைகள் நசுங்காதபடி ஆழமற்ற பெட்டிகளில் அடுக்கி, வெயில் ஏறுமுன் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். நசுங்கிய பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும்.