மடக்குக் கத்தி பிராண்ட் தொடங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு கொய்யாப்பழம் வாங்குங்கள்

போன வருடம் நண்பர் ஒருவர் தன் முதல் மாதிரிக் கத்தியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபது வருடம் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தோடு பழகியவர். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. டைட்டானியம் பிடி, விலை உயர்ந்த எஃகு, அலகின் முதுகு 4 மில்லிமீட்டர் தடிமன். "எப்படி இருக்கு அண்ணே?" என்றார். வீட்டில் ஒரு கொய்யாப்பழம் இருந்தது, வெட்டச் சொன்னேன். பாதி வரை இறங்கிய கத்தி, அதற்கு மேல் ஆப்பு வைத்த மாதிரி பழத்தைப் பிளந்துவிட்டது. அவர் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம்.

பழைய மடக்குக் கத்தியை நவீனமாக்கி விற்க வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி அந்தக் கொய்யாப்பழத்திலேயே தெரிந்துவிடும். தோற்றத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அது ஏன் நன்றாக வெட்டியது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசஃப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தியைப் பாருங்கள். மரப்பிடி, மெல்லிய அலகு, ஓர் ஆணி. அதில் 8ஆம் எண் அளவுக் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம், தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அலகு மடங்காமல் பிடிக்கும் வளையம் 1955இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் அறுபத்தைந்து வருடம் பூட்டே இல்லாமல் அது விற்றது. ஜப்பானின் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி இன்னும் எளிமை: மடித்த உலோகத் தகடுதான் பிடி, அலகின் அடியில் கட்டை விரலால் அழுத்த ஒரு சிறு வால். ஸ்பிரிங் கிடையாது, பூட்டும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி அது. இரண்டுமே மெல்லியவை, எளியவர் கைக்கு எட்டியவை, பார்த்தால் பயம் வராதவை.

நவீனமாக்க இடம் இல்லாமல் இல்லை. தளராத அச்சாணி, துருவை எதிர்க்கும் எஃகு, ஈரத்தில் ஊறாத பிடி எல்லாம் வரட்டும். மெல்லிய அலகை மட்டும் தொடாதீர்கள். முதுகு 2 முதல் 2.5 மில்லிமீட்டர், கூர் தொடங்கும் இடத்தில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே என்பது என் கணக்கு. வரைபடம் போடும் முன் உங்கள் கத்தி எதை வெட்டப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். பார்சல் பெட்டி, மாம்பழம், வாழையிலை, பூக்கட்டும் நார், பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் போனால் ஜாதிக்காய். டுரியானை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதற்கு வேறு கத்தி இருக்கிறது. ஆனாலும் யாராவது முயல்வார்கள், முனை உடையும், வாரண்டி கேட்பார்கள். அட்டையிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.

அடுத்த சறுக்கல்தான் பெரியது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "ஒரு தட்டு தட்டினா பட்டுனு தொறக்கணும்" என்ற ஆசை வரும். மலேசியாவில் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் தானாகத் திறக்கும் கத்தி அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. அதைச் செய்வதும் விற்பதும் குற்றம். அது உங்களைப் பற்றியது. 6ஆம் பிரிவு உங்கள் வாடிக்கையாளரைப் பற்றியது. சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 வருடம் வரை சிறை, அதோடு பிரம்படியும் சேரலாம். காயம் உண்டாக்கக்கூடிய சாதாரணக் கருவியும் சூழ்நிலையைப் பொறுத்து அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும்.

ஆகவே "எப்போதும் உங்கள் பாக்கெட்டில்" என்று விளம்பரம் எழுதுபவர், வாங்கியவரை ரோட்டுத் தடுப்புச் சோதனையில் மாட்டிவிடுகிறார். கறுப்புக் கையுறை, முகமூடி, இருட்டு மாடிப்படி என்று படம் எடுப்பதும் அப்படித்தான். சமூக ஊடகங்களில் ஆயுத விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அந்தப் படத்தோடு போனால் விளம்பரமே தள்ளுபடி ஆகலாம். அடுப்படியில், தோட்டத்தில், மீன்பிடி படகில் வேலை செய்யும் கையோடு படம் எடுங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம், இந்தத் தொழிலில் வீணாகாத செலவு.

வெளிநாட்டுக்கு விற்க நினைத்தாலும் இதே கதைதான். பிரிட்டனில் பூட்டில்லாத, 3 அங்குலத்துக்குக் குறைந்த மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் எடுத்துச் செல்லலாம். பூட்டு வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஜப்பானில் 6 சென்டிமீட்டரைத் தாண்டிய அலகைத் தக்க காரணமில்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது பொதுவிதி. ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளை எடுத்துச் செல்ல ஜெர்மனி 2008இலேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது. தாத்தா காலத்து வடிவத்தை, இரண்டு கையால் திறக்கும் சின்னக் கத்தியை, அப்படியே விட்டிருந்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வந்திருக்காது.

சரி, எஃகுக்கு வருவோம். டி2 என்ற எஃகை "கிட்டத்தட்ட ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லி விற்பார்கள். குரோமியம் சுமார் 12 விழுக்காடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்கைக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்வதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. உலர்ந்த ஊரில் இது பெரிதாகத் தெரியாது. கடல் காற்றும் வியர்வையும் உள்ள பினாங்கில், மாங்காய் வெட்டித் துடைக்காமல் மடக்கி வைத்தால் மறுநாள் புள்ளி தெரியும். கார்பன் எஃகுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நிறம் மாறும், எண்ணெய் தடவ வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விற்றால், "கத்தி கெட்டுப்போச்சு" என்று படம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அதைவிட, எஃகின் பெயரில் மயங்கி, காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கும் பதத்தை மறப்பதுதான் பெரிய பிழை. பட்டறைக்காரரைக் கேட்டால் இரும்பு என்ன ரகம் என்பதைவிடக் காய்ச்சித் தோய்த்தது எப்படி என்றுதான் முதலில் பேசுவார். ஸ்பிரிங் வைத்த மடக்குக் கத்தியில் இரண்டு பதம் வேண்டும். அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 58 முதல் 60 வரை கடினமாக இருக்கலாம். பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கை அதே கடினத்துக்கு வைத்தால் வளையத் தெரியாமல் ஒரு நாள் 'டிக்' என்று முறியும். அதை 40களின் நடுவிலிருந்து 50க்குள் இறக்க வேண்டும். மென்மை கூடிப்போனால் அலகு தொங்கும். மடக்கும்போது கூர்வாய் ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இடித்தால் தொழிற்சாலையில் தீட்டிய கூர், வாங்கியவர் வீட்டில் பத்து நாள் நிற்காது.

நண்பரின் இரண்டாவது சுற்றில் நடந்தது இதுதான். மாதிரிக் கத்தி பிரமாதம். 300 வந்து இறங்கியபோது, ஐந்தில் ஒன்றுக்கு ஸ்பிரிங் தளர்ச்சி. செய்து கொடுத்த பட்டறை, ஒப்பந்தத்தில் கடின அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டது. எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சீனாவின் யாங்ஜியாங் போன்ற கத்தித் தொழில் நகரத்தில் செய்தாலும், இங்கே பிறாயில் செய்தாலும், எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். இன்னொன்று, அவர் மூன்று நிறப் பிடி, இரண்டு எஃகு, இரண்டு அலகு வடிவம் என்று பன்னிரண்டு வகை போட்டார். விற்றது இரண்டு வகை. மீதி இன்னும் அறையில் தூங்குகிறது.

பிடிக்கு உள்ளூர் மரம் என்றதும் ரப்பர் மரம் நினைவுக்கு வரும். அப்பா அம்மா பால்வெட்டிய தோட்டத்து மரம், கதையும் இருக்கிறது. பதப்படுத்தாவிட்டால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும், கதை அதைத் தடுக்காது. தோதகத்தி போன்ற மரங்களுக்கு 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் ஏற்றுமதிக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை என்றதும் சொல்ல வேண்டும். இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக அடித்து ஒட்டி, அமிலத்தில் ஊறவைத்து வரி எடுத்த அலகுக்கு "நம் முன்னோர் உருக்கு" என்று பெயர் வைக்கும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். தமிழ்நாட்டின் கொடுமணல் போன்ற இடங்களின் பழைய உருக்கு, மூசை என்ற மண் குடுவையில் இரும்பையும் கரியையும் சேர்த்து உருக்கி எடுத்தது. வரி வரும் விதமே வேறு. வேறு நாட்டில் செய்ததை உள்ளூரில் செய்தது என்று சொன்னால் மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் குழம்பும் இடம் ஒன்று. எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் தொழில் பெயரைப் பதிந்துவிட்டால் பிராண்ட் நம்முடையது என்று நினைக்கிறார்கள். அது தொழில் நடத்தும் பதிவு மட்டும்தான். வணிகக்குறிக்கு மைஐபிஓ எனும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கத்திக்கு 8ஆம் வகுப்பு. கிடைத்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். பிரான்ஸில் கத்திக்குப் பேர்போன லாயோல் என்ற ஊரின் பெயரை 1993இல் ஒரு தொழிலதிபர் பல பொருள்களுக்குப் பதிந்துகொண்டார். சொந்தப் பெயருக்காக அந்த ஊரே வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கியது. ஹிகோனோகாமியும் பதிவான வணிகக்குறி. அந்த வடிவத்தில் கத்தி செய்யலாம், அந்தப் பெயரை அதன் மேல் பொறிக்காதீர்கள்.

கடைசியாக, தீபாவளிப் பரிசுப் பெட்டி. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது ஜார்ஜ்டவுன் சீனர் வீடுகளில் பழைய நம்பிக்கை. நம் வீட்டிலும் கத்தியைக் கையில் தராதே, கீழே வை என்பார்கள். இதைக் கேலி செய்து விற்க முடியாது. பெட்டிக்குள் ஒரு 10 சென் காசு வைத்தால் போதும். பரிசு பெற்றவர் அந்தக் காசைக் கொடுத்தவரிடமே திருப்பித் தந்தால், கத்தியை விலைக்கு வாங்கியதாகிவிடும். நண்பர் இப்போது மெல்லிய அலகோடு ஒரே ஒரு வகைதான் விற்கிறார், ஒவ்வொரு பெட்டியிலும் காசு வைக்கிறார். "அண்ணே, உள்ளே காசு விழுந்து கெடக்கு" என்று வாட்சாப்பில் கேட்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தே இன்னொரு கத்தி விற்றுவிடுகிறார்.