பால் இல்லாத ஃபாண்ட்யூ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்தில் க்ரூயேர், வாஷெரான் போன்ற சீஸ் வகைகளை வெள்ளை ஒயினில் உருக்கி, ரொட்டித் துண்டுகளைத் தோய்த்து உண்பதுதான் ஃபாண்ட்யூ. அதன் குழைவுக்குக் காரணம் பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம். பாலை விலக்கினால் கேசீனும் போய்விடும்; அதன் வேலையை மாவுச்சத்துதான் செய்தாக வேண்டும். இதை மறந்து, சீஸை உருக்குவதுபோலவே சமைப்பதால்தான் பலருக்கும் சட்டி கெட்டுப்போகிறது.

கடையில் வாங்கிய வீகன் சீஸைத் துருவிப் போட வேண்டாம். அவற்றில் பல, தேங்காயெண்ணெயும் மாவுச்சத்தும் சேர்ந்தவை. சூட்டில் எண்ணெய் பிரிந்து மிதக்கும். முந்திரியே மேல். மூன்று பேருக்கு 150 கிராம் முந்திரியைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, 400 மில்லி தண்ணீர் விட்டு அரையுங்கள். விரலில் தேய்த்தால் துளியும் நறநறக்கக் கூடாது. தேங்காய்ப்பால் ஊற்றும் ஆசை நமக்கு எழும். ஊற்றினால் கிடைப்பது குருமாவின் வாசனைதான்.

அடுத்தது மாவு. சோள மாவு (கார்ன்ஃப்ளார்) கெட்டியாக்கும், ஆனால் இழுபடாது. நூல்போல நீள்வதற்கு மரவள்ளி மாவு, அதாவது ஜவ்வரிசி செய்யும் அந்த ஸ்டார்ச், மூன்று மேசைக்கரண்டி வேண்டும். கொதிக்கும் கலவையில் அதைத் தூவினால் கட்டி தட்டும்; ஆறிய முந்திரி விழுதிலேயே கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள். பளபளப்பும் இழுவையும் வந்த நொடியே தீயைக் குறையுங்கள். மேலும் கொதித்தால் மாவுச்சத்து சிதைந்து நீர்த்துவிடும்.

புளிப்பை முதலிலேயே சேர்ப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். சீஸ் ஃபாண்ட்யூவில் ஒயின் முதலில் வரும், ஏனெனில் அதன் அமிலம் கேசீன் திரளாமல் காக்கிறது. இங்கே காக்க கேசீனே இல்லை. எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியுங்கள். ஒயின் வேண்டுமென்றால் தனியே பாதியாக வற்றவைத்து, அதையும் கடைசியில் ஊற்றுங்கள்.

சீஸின் ஆழ்ந்த சுவைக்கு ஒரு தேக்கரண்டி மிசோ (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய விழுது), இரண்டு மேசைக்கரண்டி நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சுவைக்காகச் சேர்க்கும், உயிரற்ற ஈஸ்ட் துகள்). ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் வேறு. அதைப் போட்டால் கசக்கும்.

பால் ஒவ்வாமை உள்ளவருக்காகச் செய்கிறீர்கள் என்றால், எல்லாப் பொட்டலங்களையும் படித்தே ஆக வேண்டும். லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை, நீக்கிய சீஸில் பால் புரதம் அப்படியே இருக்கிறது. மென்மையான ரொட்டிகள் பலவற்றில் பால் பவுடர் கலந்திருக்கும். சட்டியை அவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு ரொட்டியில் கோட்டைவிடுவது மிக எளிது. முந்திரியே ஒத்துக்கொள்ளாதவர் வந்தால், வேகவைத்த உருளைக்கிழங்கும் ஊறிய சூரியகாந்தி விதையும் அரைத்துச் செய்யலாம்.

ரொட்டி முந்தைய நாளுடையதாக, ஒவ்வொரு துண்டிலும் மேலோடு ஒட்டியிருக்கும்படி வெட்டியதாக இருந்தால் முட்கரண்டியிலிருந்து நழுவாது. மேசையில் கலவை இறுகினால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் போதும்.