கட்ட முடியாத கிரெடிட் கார்டு கடன்: எங்கிருந்து தொடங்குவது?

முதலில், எல்லாக் கார்டுகளின் கடைசி பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நிலுவை, மாத வட்டி, கெடு தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இந்த வேலையைத்தான். பில்லைப் பிரிக்காமல் வைத்தாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து, ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டினால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலுவை 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம் என்றால், மாத முடிவில் அது 1,03,000 ஆகிறது. குறைந்தபட்சத் தொகையாக அதில் 5 சதவீதமான 5,150-ஐக் கட்டினால், 3,000 வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 2,150 மட்டுமே. இப்படியே போனால், புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் கடன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 32 மாதங்கள் ஆகும். நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்குப் பெரும்பாலும் வட்டியில்லாக் காலமும் கிடைக்காது என்பதால், கார்டை எடுத்து உள்ளே வையுங்கள். அதிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களையும் நிறுத்துங்கள். எல்லோரும் மறந்துபோவது அவற்றைத்தான்.

பிறகு வாடகை, உணவு, மருந்து ஆகியவற்றுக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தொகையோடு, கெடு தவறுவதற்கு முன்பே வங்கியை அழையுங்கள். “என் வருமானம் குறைந்துவிட்டது; மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும்; நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைகளாக மாற்றித் தருவீர்களா?” என்று கேட்டால் போதும். கூச்சத்தில் பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டு அடுத்த மாதமே தவறுவதைவிட, சிறிய தொகையைச் சொல்லி அதில் நிற்பது நல்லது. பேசியதை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

வீட்டை அடகு வைத்துக் கார்டு கடனை அடைக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. எதையும் அடகு வைக்காமல் வாங்கிய கடனுக்காக வீட்டையே ஈடாக்குவது அது.

ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட் கடைசி வழி. உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் அது முழுமையாக அடைத்த கடனாகப் பதிவாகாது என்பதால், பின்னாளில் வேறு கடன் கேட்கும்போது இடறும். அப்படியும் அதை ஏற்பதானால், தொகையும் தேதியும் குறிப்பிட்ட கடிதம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள்.

வசூல் முகவர் அழைத்தால் பெயர், நேரம், பேசியது ஆகியவற்றைக் குறித்துவைத்து, மிரட்டினால் வங்கிக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். கடைசித் தவணை முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கி, ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.