டிஜிட்டல் மிக்சர் வாங்கும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். புதிதாக சவுண்ட் சர்வீஸ் ஆரம்பித்தவன், கடன் வாங்கி முதல் டிஜிட்டல் மிக்சரை எடுத்திருக்கிறான். “அண்ணே, 40 சேனல்னு சொல்லித்தான் வாங்கினேன். பின்னாடி மைக் சாக்கெட் 16தான் இருக்கு. மீதி எங்கண்ணே?” என்றான். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியில்லை. பல வருடத்துக்கு முன் இதே இடத்தில் நானும் நின்றவன்.

கெய்னை (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) எங்கே வைப்பது, சீனை (மிக்சரின் மொத்த செட்டிங்) சேவ் செய்வது எப்படி என்பதெல்லாம் நாலு நிகழ்ச்சி செய்தால் தானாக வந்துவிடும். இங்கே சொல்லப்போவது புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள், பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை.

சேனல் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

அனலாக் மிக்சரில் ஒரு ஸ்டிரிப் என்றால் பின்னால் அதற்கு ஒரு சாக்கெட் இருக்கும். 24 சேனல் மிக்சரில் ஏறக்குறைய அத்தனை மைக்கையும் சொருகலாம். டிஜிட்டலில் சேனல் என்பது உள்ளே இருக்கும் பிராசஸரின் கணக்கு. பின்னால் எத்தனை ப்ரீஆம்ப் (மைக் சொருகும் சாக்கெட்டுக்குப் பின்னால் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி), எத்தனை எக்ஸ்எல்ஆர் அவுட் (ஸ்பீக்கர் பக்கம் போகும் மூன்று பின் சாக்கெட்) என்பது தனிக் கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெரிஞ்சர் எக்ஸ்32 பெரிய மாடலில் 32 மைக் ப்ரீஆம்ப், 16 எக்ஸ்எல்ஆர் அவுட். அதன் காம்பாக்ட் மாடலில் 16 ப்ரீஆம்ப், 8 அவுட். ஆனால் இரண்டிலும் உள்ளே இருப்பது அதே 40 சேனல். மைடாஸ் எம்32, எம்32ஆர் இரண்டுக்கும் இடையில் இதே வித்தியாசம்தான். ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5, 6, 7 மூன்றுமே 48 சேனல், மைக் ப்ரீஆம்ப் மட்டும் 16, 24, 32 என்று மாறும். யமஹா சிஎல்5 இவற்றையெல்லாம் விடப் பெரிய கன்சோல், ஆனால் அதன் பின்னால் 8 இன்புட்தான் இருக்கும், ஏனென்றால் அது ஸ்டேஜ் பாக்ஸோடு (மேடையில் வைத்து நெட்வொர்க் கேபிளில் மிக்சரோடு இணைக்கும் சாக்கெட் பெட்டி) சேர்த்து ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாம் ஸ்பெக் தாளில் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் சொல்வதும் நாம் கேட்பதும் சேனல் எண்ணிக்கை மட்டும்தான். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் புதிதாக வருகிறவர்கள் இதே கேள்வியோடு கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

என் கதை இதுதான். தெற்கே ஒரு ஊரில் கோயில் கொடை, இரவு மெல்லிசைக் கச்சேரி. டிரம்ஸுக்கு 8 மைக், தபேலாவுக்கு 2, டோலக்குக்கு 2, பேடு ஸ்டீரியோ 2, இரண்டு கீபோர்டுக்கு 4, பேஸ், லீட் கிட்டார், புல்லாங்குழல் ஆளுக்கு ஒன்று, பாடகர்கள் 4, தொகுப்பாளர் 1, டிராக் ஓட்ட 2. மொத்தம் 28 லைன். என்னிடம் இருந்த மிக்சரில் 16 சாக்கெட். மேடையில் மல்டிகோரை (பல மைக் லைன் சேர்ந்த தடித்த கேபிள்) விரித்து மிக்சர் முனையில் சொருக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

டிரம்ஸில் கிக், ஸ்னேர் தவிர எல்லா மைக்கையும் கழற்றினேன். இரண்டு கீபோர்டையும் பேடையும் மோனோவாக்கினேன், டோலக்குக்கும் டிராக்குக்கும் ஒவ்வொரு லைன்தான் கொடுத்தேன். அப்படியும் 17 வந்தது. கடைசியில் தபேலாவின் இரண்டு மைக்கையும் ஒய் கேபிளில் சேர்த்து ஒரே சாக்கெட்டில் போட்டேன். இடது தபேலாவுக்குத் தேவையான கெய்ன் வேறு, வலதுக்கு வேறு, ஈக்யூவும் வேறு. ஒரே ப்ரீஆம்பில் இரண்டையும் அடைத்தால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெட்டுப்போகும், மைக்குகளும் ஒன்றையொன்று இழுக்கும். முப்பது வருடம் தபேலா வாசித்த அந்தப் பெரியவர் இரவு முழுக்க என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முடிந்ததும், “தம்பி, என் கை இன்னைக்கு வெளியவே கேக்கலியே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவுட்டிலும் இதே பள்ளம் இருக்கிறது. உள்ளே 16 மிக்ஸ் பஸ் (தனித்தனியாகக் கலந்து வெளியே அனுப்பும் வழி) இருந்தாலும் பின்னால் 8 எக்ஸ்எல்ஆர் அவுட்தான் என்றால், மெயின் இடது வலது, சப், ஃப்ரன்ட் ஃபில் (முன்வரிசைக்கான ஸ்பீக்கர்) போக, மேடையில் இருப்பவர்கள் கேட்கும் மானிட்டருக்கு மிஞ்சுவது 4.

ஆகவே நீங்கள் செய்கிற மிகப் பெரிய நிகழ்ச்சியின் இன்புட் லிஸ்டை ஒரு தாளில் எழுதுங்கள், கூட 4 சேருங்கள், அவுட்டுக்கும் அப்படியே, அப்புறம் மிக்சரைத் திருப்பி சாக்கெட்டை எண்ணுங்கள். குறைந்தால் ஸ்டேஜ் பாக்ஸ் வேண்டும். எக்ஸ்32 காம்பாக்டோடு ஒரு எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸ் சேர்த்தால் கூடுதலாக 16 இன், 8 அவுட் கிடைக்கும். அதன் விலை, ரேக், கேபிள் எல்லாம் கூட்டித்தான் பெரிய மாடலோடு ஒப்பிட வேண்டும். வண்டியில் இடம் குறைவு, அடிக்கடி மேடை மாறும் என்றால் நான் சிறிய மிக்சரும் ஸ்டேஜ் பாக்ஸும்தான் எடுப்பேன். கனமான மல்டிகோரைத் தூக்குவது மிச்சம்.

எல்லா ஸ்டேஜ் பாக்ஸும் எல்லாவற்றோடும் பேசும் என்று நினைப்பது

சொருகும் இடம் ஒரே மாதிரி இருக்கும், கேபிளில் ஒலியைக் கடத்தும் டிஜிட்டல் முறை வேறு. எக்ஸ்32, எம்32 இரண்டிலும் ஏஇஎஸ்50. ஆலன் அண்ட் ஹீத் பழைய க்யூ வரிசையில் டிஸ்னேக், எஸ்க்யூவில் எஸ்லிங்க். யமஹா சிஎல், க்யூஎல் இரண்டிலும் டான்டே, டிஎஃப் மிக்சரில் டான்டே வேண்டுமென்றால் தனியாக ஒரு கார்டு போட வேண்டும். டான்டேயை நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாக அனுப்பலாம், ஏஇஎஸ்50-ஐ முடியாது. நண்பரின் பாக்ஸை அவசரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால், உங்கள் வட்டாரத்தில் எது அதிகம் ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

சிசிடிவிக்கு வாங்கிய கேபிளைப் போடுவது

வேண்டாம். ஏஇஎஸ்50-க்கு ஷீல்டு உள்ள, முழுச் செம்பு கேட்5இ கேபிள்தான். ஷீல்டு இல்லையென்றால் யாராவது மிக்சரைத் தொடும்போது பாயும் ஸ்டேட்டிக்கே சத்தத்தை அறுத்துவிடும்.

ஃபேடரை எண்ணாமல் விடுவது

காம்பாக்டில் இன்புட் பக்கம் ஒரு நேரத்தில் 8 ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகரும் குமிழ்). 28 சேனல் என்றால் நாலு லேயர், அதாவது அதே 8 ஃபேடரை நாலு பக்கமாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பாடகர் மைக் ஊளையிடும்போது உங்கள் விரல் டிரம்ஸ் லேயரில் இருந்தால் அந்த இரண்டு நொடியைக் கூட்டம் முழுக்கக் கேட்கும். பாடகர்களை டிசிஏவில் (பல சேனலை ஒரே ஃபேடரில் கட்டுப்படுத்தும் குழு) போட்டு எப்போதும் கைக்கெட்டும் பக்கத்தில் வைப்பது ஒரு வழி. முடிந்தால் 25 ஃபேடர் உள்ளதை எடுங்கள், நிச்சயம் அதன் அருமை தெரியும்.

96 கிலோஹெர்ட்ஸுக்காக மட்டும் மாறுவது

ஒலியை நொடிக்கு 96 ஆயிரம் முறை அளந்து எடுக்கும் மிக்சரில், ஒலி உள்ளே போய் வெளியே வரும் தாமதம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் நல்ல மிக்சரிலும் அது ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டுதான், அந்த நேரத்தில் ஒலி காற்றில் 34 செ.மீ. போகும். பாடகர் மானிட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே 4 மில்லிசெகண்டுக்கு மேல். அந்தப் பணத்தை மைக்கில் போடுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது

ஜெனரேட்டர் மாறும் அரை நொடியில் மிக்சர் ரீஸ்டார்ட் ஆகும்.

டேப்லெட்டை மட்டும் நம்புவது

ஃபேடரே இல்லாத ரேக் மிக்சர்களில் சிலவற்றின் உள்வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் ஓடும். சவுண்ட் செக்கில் அருமையாக இருக்கும். ஆயிரம் பேர் போனோடு வந்து உட்கார்ந்ததும் இணைப்பு அறுந்து அறுந்து வரும். தனியாக 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் போடுங்கள், ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் எப்போதும் சொருகியே வையுங்கள்.