பதினாலு பேரோடு ஆலப்புழைப் படகுவீடு: முதல்முறை போகிறவர்களுக்கு

போன பொங்கல் விடுமுறையில் சொந்தக்காரர்கள் பதினாலு பேர் ஆலப்புழைக்குப் போய்ப் படகுவீட்டில் ஓர் இரவு தங்கினோம். ஏற்பாடு என் பொறுப்பு. பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்க வேண்டும் என்றார்கள். 21 மணி நேரம் காயலில் (கடலோர உப்பங்கழியில்) மிதக்கப்போகிறோம் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். படகு உண்மையில் ஓடியது, மறுநாள் காலையையும் சேர்த்து, மூன்று மணி நேரம்கூட இல்லை. அந்தக் கோபத்தில் எழுதுவதுதான் இந்தச் செய்முறை.

விடுமுறை எடுப்பது, டிக்கெட் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகப் படகுக்கு வருகிறேன்.

படி 1: எத்தனை படகு?

முதலில் ஆள் கணக்கு அல்ல, அறைக் கணக்கு எடுங்கள். படகுவீட்டின் வாடகை படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் பேசப்படும். எங்களுக்கு ஐந்து அறை தேவைப்பட்டது. எல்லாரும் ஒன்றாக இருக்கலாமே என்று ஐந்து அறைப் பெரிய படகு ஒன்றை எடுத்தேன். இப்போது எடுத்தால் மூன்று அறை, இரண்டு அறை என்று இரண்டு படகாக எடுப்பேன். பெரிய படகு குறுகலான வாய்க்கால் பக்கம் திரும்பவே திரும்பாது, அகலமான வழியிலேயே போய்வரும். இரண்டு படகு என்றால் ராத்திரி பக்கத்துப் பக்கத்தில் கட்டச் சொல்லிவிடலாம். சீட்டு விளையாடுகிற கூட்டம் ஒன்றிலும், சீக்கிரம் தூங்குகிற பெரியவர்கள் இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இந்தப் படகுகளுக்கு அங்கே கெட்டுவள்ளம் என்று பெயர். எங்கள் சித்தப்பா "கெட்டுப்போன வள்ளமா?" என்று கேட்டார். மலையாளத்தில் கெட்டு என்றால் நம் கட்டுதான். ஆணி அடிக்காமல், அயினிப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டிச் செய்ததால் அந்தப் பெயர். ஒரு காலத்தில், ஆலப்புழையைச் சுற்றியுள்ள வயல் பகுதியான குட்டநாட்டின் நெல்லை ஏற்றிப் போன படகுகள்.

படி 2: பதிவு செய்யும் முன்

இணையத்தில் இருக்கும் படங்களை நம்பாதீர்கள். அவை படகு புதிதாக இருந்தபோது எடுத்தவையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு போட்டு, அன்றைய தேதியில் அறையையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் படகு எடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பவும் வேண்டாம், முன்பணம் போதும்.

ஏசி எந்த நேரம் ஓடும் என்று கேளுங்கள். பல படகுகளில் ராத்திரி 9 முதல் காலை 6 வரைதான். பகலெல்லாம் ஏசி வேண்டும் என்றால் அது வேறு வகைப் படகு, வேறு விலை. பகலில் காயல் காற்றே போதும் என்பது என் கட்சி. என் மச்சான் எதிர்க்கட்சி.

படி 3: நேரம் (நான் விழுந்த இடம்)

இதை மெதுவாகப் படியுங்கள்.

சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணி ஆனதும் படகுவீட்டைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். பெரிய படகு குறுக்கே போனால் வலை கிழியும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில்தான் நிற்கும். காலையில் சாப்பாடு முடிந்து எட்டு மணி வாக்கில் கிளம்பி, ஒன்பதுக்குத் துறைக்குத் திரும்பிவிடும். பகல் 12 மணிக்கே ஏறினாலும் அன்று ஐந்தரை மணி நேரம்தான் கையில். அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் எங்காவது நிறுத்துவார்கள். எல்லாம் சரியாக நடந்தால், மறுநாள் காலை ஒரு மணி நேரத்தையும் சேர்த்து, ஐந்தரை மணி நேரம் ஓடும்.

நாங்கள் மதுரையிலிருந்து வேனில் விடியற்காலை கிளம்பினோம். குமுளி மலைப்பாதையில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. கோட்டயத்தில் டீ. துறைக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால். மூன்றுக்கு ஏறினோம், பசி தாங்காமல் முதலில் சாப்பாடு போடச் சொன்னோம், அதற்கு முக்கால் மணி நேரம். ஐந்தரைக்குக் கயிற்றை எடுத்து ஒரு தென்னைமரத்தில் கட்டத் தொடங்கினார்கள். "சேட்டா, இன்னும் அரை மணி நேரம் போகலாமே?" என்று கெஞ்சினேன். அவர் தூரத்தில் சின்ன வள்ளத்தில் வலை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கை காட்டினார். அதற்குமேல் நான் பேசவில்லை.

முதல்நாள் இரவே ஆலப்புழைக்கு வந்து ஒரு சாதாரண விடுதியில் தங்கிவிடுங்கள். விடுதிக் காசு வீண் செலவு இல்லை. சென்னைக்காரர்கள் ராத்திரி கிளம்பும் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வரலாம். ஆனால் ரயில் தாமதமானால் உங்கள் படகு நேரத்தில்தான் கைவைக்கும், யாரும் மாலையில் கூட்டித் தரமாட்டார்கள்.

படி 4: எந்த வழி?

படகுக்காரரிடம் விட்டுவிட்டால் வேம்பநாட்டுக் காயலின் நடுவில் கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றித் திரும்பிவிடுவார்கள். காயல் அழகுதான், ஆனால் அரை மணி நேரத்துக்குமேல் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். கைனகரி, நெடுமுடி, சம்பக்குளம் பக்கம் போகச் சொல்லிப் பதிவு செய்யும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கரையோர வீடுகள், துணி துவைக்கும் படித்துறைகள், பள்ளிக்கூடம் விட்டு வள்ளத்தில் வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். அங்கே வரும் ஆறு பம்பை. சபரிமலைக்குப் போகும்போது முழுக்குப் போடுகிறோமே, அதே பம்பைதான் மலை இறங்கி இங்கே காயலில் வந்து கலக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் பெரியப்பா எழுந்து நின்று தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டார்.

மேல்தளத்தில் நின்று வரப்புக்கு அப்பால் பாருங்கள். வயல், நீங்கள் மிதக்கும் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கும். குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. காயலில் வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபு முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. மழை ஓய்ந்த வறண்ட மாதங்களில் கடல் உப்பு வயலுக்குள் வராமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை மூடிவைப்பார்கள். உப்பு வராவிட்டால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். நாங்கள் போன ஜனவரியில் சில இடங்களில் பச்சைப் பாய் விரித்ததுபோல் மண்டிக்கிடந்தது.

படி 5: விடியற்காலைச் சின்ன வள்ளம்

இதை விட்டுவிட்டால் போனதே வீண். ரொம்பக் குறுகலான வாய்க்கால்களைத் துடுப்பு வள்ளத்தில்தான் பார்க்க முடியும். முதல்நாள் மாலையே படகுக்காரரிடம் சொன்னால் ஆறரை மணிக்கு வள்ளம் வந்து நிற்கும். மோட்டார் வைத்தது வேண்டாம், துடுப்பு போடுவதையே கேளுங்கள். எங்களில் ஆறு பேர்தான் எழுந்தோம். தூங்கிய எட்டுப் பேரும் இன்றுவரை அந்தக் கதையைக் கேட்டு எரிச்சலாகிறார்கள்.

படி 6: பாதுகாப்பு

ஏறியவுடன் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள். குழந்தைகளுக்குத் தனி அளவு வேண்டும், பெரியவர்கள் அங்கி பிள்ளைகளின் தலைவழியே கழன்றுவிடும். எத்தனை பேருக்கு அனுமதி உள்ள படகு என்று கேட்டு, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். 2009இல் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். யானையோ கொக்கோ தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது என்பதை அன்றிலிருந்து நான் மறப்பதில்லை. 2023இல் தானூரில் 22 பேர் இறந்தது, அளவுக்குமேல் ஆள் ஏற்றிய படகில். "ரெண்டு பேர்தானே, ஏறிக்குங்க" என்று யாராவது சொன்னால் இறங்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதும்.

படி 7: சாப்பாடு

மதியம் சிவப்பரிசிச் சோறு, கரிமீன் பொரித்தது, அவியல், தோரன் (தேங்காய் போட்ட பொரியல்). சாம்பார் என்று ஒன்று வரும், நம் சாம்பாரை மனதில் வைத்துக்கொண்டு ஊற்றாதீர்கள். சைவம் எத்தனை பேர் என்பதை முன்பே சொல்லாவிட்டால் அவர்களுக்கு அப்பளம்தான் மிஞ்சும். வழியில் மீன் விற்கும் கடையருகே நிறுத்தி இறால் வாங்கச் சொல்வார்கள். பேரம் பேசாமல் வாங்காதீர்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன ஒரு நண்பர் ஆலப்புழைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையில் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். அது அரசுப் படகுகள் கிளம்பும் இடம். படகுவீடுகள் பெரும்பாலும் புன்னமடையில் ஃபினிஷிங் பாயிண்ட் என்ற துறையிலிருந்தோ, பள்ளாத்துருத்தியிலிருந்தோ கிளம்பும். கூகுள் மேப்பில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லி, வேன் ஓட்டுநருக்கும் அனுப்பிவிடுங்கள். நேரு கோப்பை வள்ளங்களி (படகுப் போட்டி) நடப்பதும் இதே புன்னமடையில்தான். வழக்கமாக ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அந்த நாளில் படகுவீடு எடுக்க நினைக்காதீர்கள்.

இன்னொருவர் கேட்டது: அவ்வளவு செலவு முடியாது, என்ன செய்ய? அதே அரசுத் துறையிலிருந்து கோட்டயத்துக்குப் படகு போகிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பஸ் டிக்கெட் மாதிரி சின்னக் கட்டணம். எங்கள் படகு அன்று ஓடியதற்குக் கிட்டத்தட்ட அதே நேரம்!

முழங்கால் வலியுள்ள பாட்டிகளைக் கூட்டிப்போகிறவர்கள், கரைக்கும் படகுக்கும் நடுவே போடும் பலகை எவ்வளவு அகலம், கைப்பிடி உண்டா என்று வீடியோ அழைப்பிலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் அத்தையை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினோம். இறங்கும்போது மட்டும் அவரே தாவி இறங்கிவிட்டார்.